இரண்டாவது கட்டை

மார்ச் 3, செவ்வாய்

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். எங்கள் தையல் ஆலைக்கு ஐம்பது வயதாகிறதாம், இருபதாம் தேதி விழாவாம். "நீங்கதாம்மா இங்க சீனியர், முப்பத்தொரு வருஷம். 'அன்றும் இன்றும்'னு ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்க. நாம எவ்வளவு முன்னேறியிருக்கோம்னு வர்றவங்களுக்குத் தெரியணும்." தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்டத் தெரிந்த தலை என்பதால்தானே என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

மார்ச் 4, புதன்

இரண்டு வரி எழுதினேன். இரண்டையும் அடித்தேன்.

மார்ச் 6, வெள்ளி

எழுதுவதை நேர்மையாகவே எழுதுகிறேன்.

அன்று: ஏழாம் வரிசையில் நாற்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு மரக்கட்டை, சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு போனால், அது ஆணிக்குத் திரும்பும்வரை மற்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டும். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, விளக்கு கிடையாது. தாமதமானால் அப்போதிருந்த சூப்பர்வைசர் ஸ்கேலால் முதுகில் அடிப்பான். நானும் வாங்கியிருக்கிறேன்.

இன்று: தாழ்ப்பாள் உண்டு, விளக்கு உண்டு. யாரும் கை ஓங்குவதில்லை. 'வாடி, போடி' இல்லை. பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு. இதில் எதுவும் பொய்யில்லை.

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தால் மருமகள் நிற்கிறாள், அவளும் இதே ஆலையில்தான் தைக்கிறாள், கையில் ஆபீஸ் அனுப்பிய இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம். 'அன்புள்ள பணியாளரே' என்று தொடங்குகிறது. அன்பாம்! இப்போது கழிப்பறைக் கதவில் கார்டைக் காட்டினால்தான் திறக்கும். ஒரு நாளைக்குப் பதினாறு நிமிடம். தாண்டினால் யாரும் தடுப்பதில்லை, கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும், கடிதம் வரும். மூன்று கடிதம் சேர்ந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அவள் ஒப்பந்தம் இந்த மாதம் முப்பத்தொன்றோடு முடிகிறது. அவளுக்கு இப்போது ஐந்து மாதம். வேலை போனால் பிரசவ லீவும் போச்சு.

பிள்ளை சுமக்கிறவளுக்குப் பதினாறு நிமிடம் போதும் என்று எந்தப் பாவி முடிவு செய்தான்? அன்றைக்கு ஒருத்தன் அடித்தான், அவன் அந்தப் பக்கம் போனதும் ஆசை தீரத் திட்டினோம். இப்போ யாரைப் போய்த் திட்டுறது? கதவையா?

மார்ச் 7, சனி

"இந்த மாசம் மட்டும் தண்ணி கொஞ்சம் கம்மியா குடியேன்மா" என்றேன். "சரிங்க அத்தை" என்றாள்.

மார்ச் 11, புதன்

தைத்துக்கொண்டிருந்த மருமகள் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நூலைக்கூட அறுக்கவில்லை. நானும் இன்னொருத்தியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரில் கிருமியாம், காய்ச்சல். குழந்தைக்கு ஒன்றுமில்லை.

டாக்டர் அம்மா கேட்டார்: "தண்ணியே குடிக்கலையா? யாரும்மா உனக்கு இப்படி யோசனை சொன்னது?"

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான்."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஸ்கேல்காரன் கேடு கெட்டவன். ஆனால் அவன்கூட எங்களைத் தண்ணீர் குடிக்காதே என்று சொன்னதில்லை. அதைச் சொல்ல நான் வர வேண்டியிருந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா? எந்த வாயால் மேடையில் முன்னேற்றம் பேசப் போகிறேன்?

மார்ச் 13, வெள்ளி

வாசல் கூடத்தில் கண்காட்சி வைக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணியில், கட்டை! கீழே ஒரு அட்டை: 'கடந்த காலத்தின் கொடுமைச் சின்னம்.' குனிந்து பார்த்தேன். சூடு போட்டு எழுதிய ஏழு. ஏழுக்கு நடுவில் குறுக்காக ஒரு கோடு.

ஆலைக் கட்டையில் கோடு கிடையாது. ஏழுக்குக் கோடு போடுகிறவர் என் வீட்டுக்காரர்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், கட்டைக்காகக் காத்திருந்து புடவை நனைந்து வீட்டுக்கு வந்தேன். தச்சர் அல்லவா, உடைந்த நாற்காலிக் காலை அறுத்து, அதே ஏழைப் போட்டு இன்னொன்று செய்துகொடுத்தார். ஒன்று ஆணியில் தொங்கும், மற்றது எங்கள் மடியில் மாறி மாறிப் போகும். ஆறு வருஷம், நாற்பது பேர், ஒருத்தியும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கட்டை இருந்த தைரியத்தில்தான் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து தைத்தோம். அதைப் போய் இவர்கள் கொடுமைச் சின்னம் என்கிறார்கள்! வயிறு எரிகிறது.

வீட்டில் சொன்னேன். அவருக்கு வேறு கவலை. "ஆணியில மாட்டுற ஓட்டை கோணலா இருக்குமே, அந்தப் பக்கத்தைத் திருப்பியா வச்சிருக்காங்க?"

மார்ச் 16, திங்கள்

மருமகள் வேலைக்குத் திரும்பினாள். நேற்று முழுக்க யோசித்தேன். சூப்பர்வைசர் கார்டுக்கு நிமிடக் கணக்கு கிடையாது. ஸ்கேல்காரன் ஆளைப் பார்ப்பான். இந்தக் கதவு கார்டைத்தான் பார்க்கிறது. என் கார்டை அவள் கையில் திணித்தேன்.

"மாட்டிக்கிட்டா, அத்தை?"

"மாட்டினா நான் பார்த்துக்கறேன். நீ தண்ணியைக் குடி."

மார்ச் 18, புதன்

ஆபீஸிலிருந்து, தொழிலாளர் நலம் பார்க்கிற பெண் போன் செய்தாள். குரலில் தேன் ஒழுகியது. "அம்மா, நேத்து நீங்க பதினோரு தடவை போயிருக்கீங்க. உடம்புக்கு முடியலையா? ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கறீங்களா?"

மருமகளுக்கு எச்சரிக்கைக் கடிதம், எனக்கு ரெஸ்ட்! சூப்பர்வைசருக்கு மட்டும்தான் உடம்பு இருக்கிறதா? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சர்க்கரை வியாதிம்மா" என்றேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஆனால் இதை எத்தனை நாள் ஓட்டுவது? ஒரே கார்டு பதினோரு தடவை என்றால் சீக்கிரம் யாராவது மோப்பம் பிடிப்பார்கள். மாதக் கடைசிவரை தாங்க வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

பேசிவிட்டேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

எழுதிய தாளை எடுக்கவே இல்லை. கட்டையின் கதையைச் சொன்னேன். ஒரு கட்டை இரண்டானதை, ஆறு வருஷம் அது மடி மாறிப் போனதை, ஏழின் நடுவில் உள்ள கோட்டை. "இப்ப கட்டை இல்லீங்க, கார்டு வந்திருக்கு. அதை யாரும் அறுத்து இன்னொண்ணு செய்ய முடியாது. ஆனா அந்தக் கட்டை ஒருத்தி மடியிலயே இருந்திருந்தா நாங்க நாற்பது பேரும் செத்திருப்போம். கை மாறினதாலதான் பிழைச்சோம்" என்று முடித்தேன்.

முன்வரிசைப் பெரிய மனிதர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கைதட்டினார்கள். மேனேஜருக்கு ஒரே பூரிப்பு. "அருமையான பழைய கதைம்மா." பழைய கதையாம்!

பின்வரிசையில் மற்ற சூப்பர்வைசர்கள் பதினோரு பேர், எல்லாரும் வரிசையில் உட்கார்ந்து தைத்து மேலே வந்தவர்கள். ஒருத்தியும் கைதட்டவில்லை. பட்டன் பிரிவு 'வெடி' மட்டும் என்னையே பார்த்தாள். அன்று அந்த நாற்பதில் அவளும் ஒருத்தி. எதற்கெடுத்தாலும் வெடித்துச் சிரிக்கிறவள், இன்று சிரிக்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

காலையில் மருமகள் என் கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னிக்கு உங்களது வேணாம் அத்தை. வெடி அத்தை அவங்களதைக் குடுத்தாங்க. நாளைக்கு அயர்னிங் அக்காவோடதாம்." என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாலாம் வரிசையில் இன்னொரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், என் கார்டு அங்கே போனது.

மார்ச் 27, வெள்ளி

ஆபீஸில் ஒரே குழப்பம். என்னையும் சேர்த்து சூப்பர்வைசர்கள் பன்னிரண்டு பேருக்கும் திடீரென்று வயிற்றில் என்ன கோளாறு என்று பேசிப் பேசி, குடிதண்ணீர்த் தொட்டியைச் சோதிக்க ஆள் வரவழைத்திருக்கிறார்கள். அந்த ஆள் குழாய் குழாயாக முகர்ந்து பார்க்கிறான். 'வெடி' பட்டன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொரு வருஷம் கழித்தும், ஒன்றுக்குப் போக நாங்கள் திருடத்தானே வேண்டியிருக்கிறது.

மார்ச் 31, செவ்வாய்

மூன்றாவது கடிதம் வரவில்லை. பகல் மூன்று மணிக்கு மருமகள் கையெழுத்துப் போட்டாள், இன்னும் ஒரு வருஷத்துக்கு. தொட்டித் தண்ணீரில் குறையில்லை என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறையில் நின்று, பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, என் கண்ணெதிரே ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

"போதுமா அத்தை?"

அந்த விஷயத்தை அவள் குத்திக்காட்டுவது இதுதான் முதல் தடவை. தம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி, இன்னொரு முறை நிரப்பிக் கொடுத்தேன்.