தட்டை ஆட்டிய நான்கு நிமிடம்

பிப்ரவரி 3

மாலை ஐந்தானால் காய்ச்சல். இன்றோடு ஆறு நாள். வியர்வையில் துப்பட்டா நனைகிறது.

உத்தராயணத்துக்கு முந்தின நாள், ஊருக்கெல்லாம் சித்தியான ஜீவிமாசியின் எருமைக்குக் கன்று வயிற்றிலேயே செத்து, பாதியில் சிக்கிக்கொண்டது. ஆய்வகத்திலிருந்து ரத்த மாதிரி எடுக்கத்தான் போனேன். மாசி அழுத அழுகையில், கையுறை கிழிந்ததைப் பார்க்காமல் கன்றை இழுத்துவிட்டேன். எருமைக்குப் புருசெல்லா, மனிதருக்கும் தொற்றும் கிருமி, என்று மறுநாள் அறிக்கையில் எழுதினேன். கையுறையைப் பற்றி எழுதவில்லை.

பிப்ரவரி 4

காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 6

மதியம் கால்நடை ஆய்வகத்தில் ஆள் இல்லை. என் ரத்தத்தை நானே எடுத்து, சுழற்றித் தெளிநீரைப் பிரித்தேன். வெள்ளைத் தட்டில் அதில் ஒரு சொட்டு. செத்த கிருமிகள் மிதக்கும் இளஞ்சிவப்புத் திரவம் ஒரு சொட்டு. கிருமி எனக்குள் புகுந்திருந்தால் அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் என் ரத்தத்தில் இருக்கும். கிருமிகளை ஒன்றோடொன்று கோத்து மணல்போலத் திரட்டிவிடும்.

நான்கு நிமிடம் ஆட்டினேன்.

திரளவில்லை. வழவழவென்று ஒரே சிவப்பு.

எனக்கு இல்லை. இல்லை!

பிப்ரவரி 7

அப்புறம் ஏன் சுடுகிறது? இடுப்பு வேறு வலிக்கிறது. காசநோயா? ரத்தப் புற்றா? எந்த நோயைப் படித்தாலும் அது என்னிடம் இருக்கிறது.

பிப்ரவரி 10

டீ கொடுக்கும்போது ஆய்வகத்தில் பக்கத்து மேசை அக்கா கோகிலாபேனின் விரல் என்மேல் பட்டுவிட்டது.

"அய்யோ, உடம்பு கொதிக்குது! என்னடி மறைக்கறே?"

எல்லாம் சொல்லிவிட்டேன். கையுறையையும். தட்டையும்.

"உப்புநீர் கலந்தியா?"

"நாம எப்பவும் கலக்கறதில்லையே..."

"மாட்டு ரத்தத்துக்குக் கலக்க மாட்டோம். நீ என்ன எருமையாடி?"

எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தால் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே மொய்த்துக்கொள்ளும். இரண்டைச் சேர்த்துப் பிடிக்க ஒரு கை மிஞ்சாது. திரளாது. உப்புநீரில் நீர்த்தால்தான் திரளும். பரீட்சையில் நானே எழுதியதுதான் - பயத்தில் மறந்தேனா, மறக்க விரும்பினேனா?

உப்புநீரைக் கூட்டிக்கூட்டி வரிசையாகச் சொட்டினோம். "குடு, நான் ஆட்டறேன். நீ ஆட்டினா கீழே கொட்டிடுவே" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

முதல் சொட்டு, வழவழ. இரண்டாவது, அதே. மூன்றாவதில் மணல்.

பிப்ரவரி 11

பாலன்பூர் டாக்டர் இரண்டு வகை மாத்திரை கொடுத்தார். ஆறு வாரம். "இதயத்துக்குப் போகலை. நல்ல நேரத்துல வந்தே" என்றார். அந்த 'நல்ல நேர'த்தில், பொய் சொன்ன தட்டை நம்பி நான்கு நாளை நான் தின்றிருக்கிறேன்.

திரும்பும்போது ஜீவிமாசி வீட்டில் இறங்கிக் கையுறை விஷயத்தைச் சொன்னேன். பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்றும். மாசி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கும் சாயங்காலமானா சுடுது பேட்டா. வயசாயிடுச்சுன்னு நினைச்சேன். கன்னுக்குட்டிய நானுந்தானே இழுத்தேன்..."

நான் கிழிந்த கையுறையோடு. அவர் வெறுங்கையோடு. அவருக்கும் காய்ச்சலா என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 12

மாசியின் ரத்தம். உப்புநீர் கலந்தே வைத்தேன். திரண்டது.

மார்ச் 4

நாளைத் தள்ளிப்போட்டு நேற்றுத்தான் அதே மாத்திரையைத் தொடங்கிய மாசி போனில் அலறினார். "பேட்டா, மூத்திரம் செக்கச்செவேல்னு போகுது! செத்துடுவேனா?"

"மாத்திரையோட நிறம் மாசி. எனக்கும் அப்படித்தான்."

"முன்னாடியே சொல்ல மாட்டியா, பாவி?"

போனை வைத்த பிறகுதான் மணி பார்த்தேன். ஐந்தேமுக்கால். என் நெற்றி குளிர்ந்திருந்தது.