எதில் பட்ட சன்னம்

ஆகஸ்ட் 14, புதன். நாயாறு.

வலைக்கு ஈயமணி வார்க்க, கரை மணலில் பொறுக்கிய பழைய துப்பாக்கிச் சன்னங்களை என் மனுசன் பின்னேரம் உருக்கினார். ஒவ்வொன்றும் எதில் பட்டது என்று சொல்வது அவருக்கு விளையாட்டு.

“மூக்கு நசுங்கினது பனையில. நேராக் கிடக்கிறது வெறும் மணலில.”

லேசாக வளைந்த ஒன்றைக் கொடுத்தேன்.

“இது எதிலயப்பா?”

சிரிப்பு நின்றது. “நீ போய்த் தேத்தண்ணி போடு.”

திரும்பி வந்தபோது அதையும் உருக்கி ஊற்றியிருந்தார்.

போர்க்காலத்தில் என் தம்பியைக் கடைசியாகக் கண்டது இந்தக் கரையில்தான். இன்னும் அவனைத் தேடித்தான் திரிகிறேன்.

இவர் உறங்கியபின் மணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் குளிர்ந்திருந்தன. ஒன்று மட்டும் இளஞ்சூடாக இருந்தது. அதை எடுத்து, எழுதும் இந்தக் கொப்பியின் மேல் வைத்திருக்கிறேன். இன்னும் ஆறவில்லை.

நாளை வலையில் ஒரு மணி குறையும். இவர் கேட்கமாட்டார்.