இறங்காத கண்ணாடி

என் தங்கப் பேத்திக்கு,

நீ வந்துபோனதிலிருந்து எதிர்வீட்டுக்காரிக்கு உன் வண்டிப் பேச்சுதான். "சுட்டாலும் கண்ணாடி உடையாதாமே, உள்ளே சோபா மாதிரி சீட்டாமே?" என்கிறாள். "என் பேத்தி கம்பெனியில் செய்தது, மந்திரிகளே வரிசையில் நிற்கிறார்கள்" என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

கிளம்பும்போது உள்ளே உட்கார்ந்து ஏதோ சொன்னாய். அந்தக் கண்ணாடிதான் இறங்காதே. வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் புரிந்த மாதிரி நானும் தலையாட்டிவிட்டேன்.

"என்னக்கா சொன்னா?" என்று பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"அடுத்த மாசம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போறாளாம்" என்று சொல்லிவிட்டேன். இப்போது தினமும் கேட்கிறாள், "பெட்டி கட்டியாச்சாக்கா?" என்று.

கட்டிவிட்டேன்.

நீ நிஜமாக என்ன சொன்னாய் என்று எழுத வேண்டாம். வந்து, கதவைத் திறந்து சொல்லு.

வாசலைப் பார்த்தபடி,
உன் பாட்டி