மரை போன போல்ட்டும் மைனியும்

மைனி,

இன்று பாறசாலை ஒர்க்‌ஷாப்பில் என் காருக்கு ஆயில் மாற்றினார்கள். பழைய ஆயிலின் கரிந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக் ஒரு மாதிரியாகப் பார்த்தார். உங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

தொண்ணூறுகளின் நடுவில் என் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், வளைகுடாவில் இருந்தார். அவர் விட்டுப்போன பழைய வேனை ஓட்ட நீங்கள் லைசென்ஸ் எடுத்து, குன்னத்துகாலிலிருந்து முந்திரி ஆலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப் போனீர்கள். “ஓட்டினால் போதும், வண்டிக்கு அடியில் போகாதே” என்று அண்ணன் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார். அவர் ஊருக்கு வரும் நாள் தெரிந்ததும் நமக்கு ஆசை மிஞ்சிவிட்டது. நாமே புது ஆயில் மாற்றி அவரை அசத்த வேண்டும். எனக்கு அதில் சுயநலமும் உண்டு. நானும் வண்டி ஓட்டப் படிக்க வேண்டும், அதற்கு அண்ணன் சம்மதிக்க வேண்டும்.

ஒல்லி என்பதால் அடியில் நுழைந்தது நான். பக்கத்தில் குத்தவைத்திருந்த நீங்கள், “இடத்தோட்டு திருப்பு மக்கா” என்றீர்கள். மல்லாந்து கிடக்கிறவளுக்கு இடது எது, வலது எது? டிரெயின் போல்ட் அசையவில்லை. ஸ்பேனரில் காலை வைத்து உதைத்தேன். சட்டென்று இலேசாகச் சுற்றியது.

“மைனி, கழண்டாச்சு!”

கழன்றது போல்ட் இல்லை. நான் எதிர்ப்பக்கம் இறுக்கி இறுக்கி உள்ளேயிருந்த மரையையே தேய்த்துவிட்டேன். இனி அது எதையும் பிடிக்காது.

“சாரமில்ல,” என்று தேற்றினீர்கள். போல்ட்டை நெம்பியெடுத்து, பழைய ஆயிலை வடியவிட்டு, போல்ட்டில் தையல் நூலைச் சுற்றி, பார் சோப்பை அப்பி, திரும்பச் செருகினோம். புது ஆயில் ஊற்றினோம். அது சொட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. சீட்டுக்கு அடியிலிருந்த கேனை எடுத்து ஊற்றினோம். அண்ணன் கண்ணில் படக்கூடாதென்று, நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து விளக்கின்மேல் ஒட்டினீர்கள்.

அண்ணனை ஏற்றித் திரும்பும்போது பாலராமபுரத்தில் சாயா, நெய்யாற்றின்கரையில் சாயா, அமரவிளையில் சாயா. அவர் கடைக்குள் போனதும் நாம் ஆயில் ஊற்றுவோம்.

“எடி, வீடு எத்துமுன்ன எத்தன சாயாவாக்கும்?”

“அங்க நல்ல சாயா கிட்டாதுல்லா. குடியுங்க.”

அமரவிளையில் அவர் கிளாஸோடு வெளியே வந்துவிட்டார். வேனுக்கு அடியில் கறுப்பாகக் குளம் கட்டி நின்றது. வளைகுடாச் சட்டையோடு தரையில் படுத்து, “ஒரு போல்ட்டு முறுக்கத் தெரியாதா உங்களுக்கு?” என்று அதைத் தொட்டார். அது நூலும் சோப்புமாக அவர் கையில் வந்தது; சூடான ஆயில் கொட்டியது. உருண்டு தப்பியதால் உடம்பு சுடவில்லை. சட்டைதான் காலரிலிருந்து கீழ்வரை கறுத்துப்போயிற்று.

“ஆரு இதத் திருப்பினது?”

நான் வாயைத் திறந்தேன். நீங்கள் என் காலை மிதித்தீர்கள்.

“நானாக்கும்,” என்றீர்கள். பிறகு என் காதில், “மிண்டாத. உனக்கு வண்டி படிக்கண்டாமா?”

லாரி ஒன்று வேனைக் கட்டியிழுத்து நெய்யாற்றின்கரை லேத் பட்டறையில் கொண்டுவிட்டது. புது மரை வெட்டி, கொஞ்சம் தடித்த போல்ட்டாகப் போட்டார்கள். வேலை முடிவதற்குள், லேத் வாசலில் வைத்தே என் விஷயத்தை அண்ணனிடம் கேட்டுவிட்டீர்கள். அவர் தன் சட்டையையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“செரி. அவளாவது ஒழுங்கா படிக்கட்டு.”

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் இந்தக் கதையைச் சொன்னார். உங்கள் மருமகன் முதல்முறை சாப்பிட வந்தபோதும் சொன்னார். அவருக்கு முன்பே நீங்கள் சிரிப்பீர்கள். எத்தனையோ தடவை, “நான் சொல்லிரட்டா மைனி?” என்று கேட்டிருக்கிறேன்.

“சும்ம கெட. இந்தக் கத இல்லெங்கி அவருக்குப் பேச வேற என்ன உண்டு?”

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர்களிடமும் அண்ணன் தொடங்கிவிட்டார். என்னால் தாங்கமுடியவில்லை.

“அண்ணா, அது மைனி இல்ல. திருப்பினது நானாக்கும்.”

அண்ணன் துவர்த்தைத் தோளில் இழுத்துப் போட்டார்.

“சும்ம இரி பிள்ளே. அவ போன பெறவு அவளுக்க பேருல உள்ளதயும் பிடுங்கப் பாக்குதியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், துவர்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்தக் குற்றத்தை உங்களிடமிருந்து திரும்ப வாங்க எனக்கு வழியில்லை, மைனி. அண்ணன் விட்டுத்தர மாட்டார். இப்போதும் அவர் கதையைத் தொடங்கினால் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் முந்திச் சிரிக்கும் இடம் வந்ததும் நான் சிரிக்கிறேன்.