ஆத்தாவோடு சண்டை பிடித்தவளுக்கு

காலையில் அலுமாரியை ஒதுக்கும்போது உன் கழுத்துத் தலையணை கையில் அகப்பட்டது. ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் பேரம் பேசி வாங்கினாயே, ஊதிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற அந்த நீலச் சனியன். ஒரு மணி நேரம் பறப்பதற்கு இது எதற்கடி என்று கேட்டதற்கு, "பிளேன்ல எல்லாரும் மாட்டியிருப்பாங்க, நான் மட்டும் என்ன கொறைச்சலா?" என்றாய். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இடத்தை அடைக்கிறது, காற்றைப் பிடுங்கி மடித்து வைக்கலாம் என்று மூடியில் கை வைத்தார். தொட்டால் நடப்பது வேறு என்று நான் போட்ட சத்தத்தில் லய வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்தார்கள். உள்ளே இருப்பது நீ ஊதிய காற்று என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப் போவார். அவர் கையிலிருந்து வாங்கி என் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நம் கோயில் திருவிழா. வேப்பிலை மாத்தளைப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கிவிட்டது. நம் குளிரில் வேம்பு எங்கே முளைக்கிறது? பைப்படியில் தண்ணீருக்கு நிற்கும்போது உன்னைப் பற்றித்தான் பேச்சு. "ஆத்தா வேணாம்னு சொல்லியும் பால்குடம் தூக்கினா. வருசம் திரும்பல, குளவிய விட்டுட்டா பாத்தியா." என் காதுபடவே சொன்னார்கள். நீ இருந்திருந்தால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்திருப்பாய். எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்தால் அடுத்த முறை பைப்படியில் எனக்கு வாய் வரும்.

போன வருடத்துக்கு முந்தின வருடத் திருவிழாவில் ஆரம்பித்தது இது. உன் மகளுக்குத் தலைப்பிரசவம் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் பிழைத்தால் பால்குடம் தூக்குகிறேன் என்று நீ நேர்ந்துகொண்டாய். இருவரும் பிழைத்தார்கள். நீ கோயில் கமிட்டியிடம் போய்ப் பேரைக் கொடுத்தாய். கமிட்டித் தலைவர் யார்? என் வீட்டுக்காரரின் சொந்த அண்ணன். அவர் கோபப்படக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நீ ஒரு பிடி பிடித்திருப்பாய். "தாலி இல்லாதவங்க குடம் தூக்குற வழக்கம் நம்ம தோட்டத்துல இல்லம்மா. பால மட்டும் குடுத்துரு, வேற ஒரு புள்ள தூக்கட்டும்" என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லி அனுப்பினார்.

நீ நேரே பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாய். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்கள் விட்டுப்போன பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன் நான். வாசலில் நின்றுகொண்டே கேட்டாய்.

"ஏண்டி, கணக்கப்பிள்ளை முடியாதுன்னா நாம என்ன செய்யிறோம்?"

"தொரைகிட்ட போறோம்."

"இவரு ஆத்தாளுக்குக் கணக்கப்பிள்ளை. அவ்வளவுதான். நான் மேலிடத்துல கேட்டுக்கிறேன்."

"எந்த மேலிடம்?"

"சமயபுரம்."

தூங்கின பிள்ளை எழுந்துவிடுகிற மாதிரிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. நம் தோட்டத்து மாரியம்மன் அங்கிருந்து பிடிமண்ணாக வந்தவள்தானே. கப்பலேறி வந்தவர்கள் மடியில் முடிந்து வந்த ஒரு பிடி மண்ணை வைத்துத்தான் கோயிலே எழும்பியது. தலைமைக் காரியாலயம் அங்கே இருக்கிறது, போய்க் கேட்டுவிட்டு வருவதில் என்ன தப்பு என்றாய். அப்புறம் என்னையும் இழுத்தாய். "நீயும் வாடி டீச்சரம்மா. ஒருத்தி போனா ஓடிப்போனாம்பாங்க. ரெண்டு பேர் போனா யாத்திரைம்பாங்க."

நாம் இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். தோட்டத்தில் வெளிநாடு போகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். எந்த ஏஜென்சி, எந்த நாட்டு வீடு? நம் பெண்கள் வெளிநாடு போவது அடுத்தவள் வீட்டுச் சமையற்கட்டுக்கு. நீயும் போயிருந்தாய். புருசன் செத்ததும் பிள்ளைகளை உன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் குவைத்தில் வருடக்கணக்காய்க் கிடந்தாய். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால், அடுப்பும் மொட்டைமாடிக் கொடியும் என்பாய். கடல் பக்கத்தில்தான் இருந்ததாம், வாசம் வருமாம், ஒரு நாளும் பார்க்கவில்லையாம். "வெளிநாடுன்னா சட்டி கழுவத்தான் போகணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாய். என் வீட்டுக்காரர், அத்தனை நாள் சோற்றுக்கு என்ன செய்வது என்றார். அடுப்பு இங்கேதான் இருக்கும், நான் தூக்கிக்கொண்டு போகவில்லை என்று சொன்னேன். உன்னோடு சேர்ந்து எனக்கும் நாக்கு நீண்டிருந்தது.

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் முத்திரை குத்துகிறவர் உன் பாஸ்போர்ட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிவிட்டு, வீட்டு வேலைக்கா என்று சிங்களத்தில் கேட்டார். நல்ல மனிதர்தான், வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "நே மாத்தயா. கோவில் வந்தின்ன" என்றாய். இல்லை ஐயா, சாமி கும்பிட. அந்த இரண்டு சொல்லையும் சொல்லும்போது உன் கழுத்து நிமிர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்புறம் ஏறி உட்கார்ந்து தலையணையை ஊதி மாட்டி, விமானம் கிளம்புவதற்கு முன்பே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாய். கடல் வந்தபோது உன்னை உலுக்கி எழுப்பினேன். குனிந்து பார்த்தாய். "இவ்வளவு பெருசாவா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, திருச்சி வரும்வரை கண்ணை எடுக்கவில்லை.

திருச்சியின் வெயிலில் நாம் இருவரும் வெந்துபோனோம். ஸ்வெட்டரோடு இறங்கிய இரண்டு கிறுக்கிகளை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "அம்மா எந்த ஊருங்க?"

"இந்த ஊருதான்" என்றாய்.

"பேச்சக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கு. ஆனா புதுசா பாக்குறீங்களே."

"வெளிய போயிருந்தோம் தம்பி. தேயிலைத் தோட்டத்துக்கு. வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நீ வழியில் டீக்கடையில் நிறுத்தச் சொல்லி, ஒரு வாய் குடித்துவிட்டு, இது வெறும் டஸ்ட் என்று முகத்தைச் சுளித்தாய்.

சமயபுரத்தில் அவ்வளவு கூட்டத்தில் நெருக்கித் தள்ளி உள்ளே போனோம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றி ஆத்தா சன்னிதிக்கு நேரே வைத்தோம். நம் வழக்கம்தான். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. பக்கத்தில் மொட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை நின்றது. அதன் அம்மாவிடம் கேட்டு, ஒன்றை எடுக்கச் சொன்னோம். பிள்ளை எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை நான்தான் பிரித்தேன்.

சிவப்பு.

இனி இந்தப் பேச்சையே எடுக்காதே, ஊருக்குப் போய்விடுவோம், ஆத்தா கோபம் பொல்லாதது, என் வீட்டில் ஆம்பளை இருக்கிறார் என்றெல்லாம் உளறினேன். நீ அசையவில்லை. கூட்டம் முதுகில் இடித்துக்கொண்டிருக்க, அங்கேயே நின்று அவளைப் பார்த்துப் பேசினாய். கும்பிட்ட கையை இறக்கிவிட்டுப் பேசினாய்.

"சரி. நீ சொல்லிட்ட, நான் கேட்டுக்கிட்டேன். ஆனா கேட்டதுதான் தப்பு. ஆத்தா வீட்டுக்கு வாறதுக்கு மக பூப் போட்டுப் பாப்பாளா? உம் பேத்திய நீ காப்பாத்தினப்போ எனக்குத் தாலி இருக்கான்னு பாத்தா காப்பாத்தின? கோவம்னா வச்சுக்க. எனக்கும் இருக்கு."

அப்படி ஒரு பிரார்த்தனையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த பக்தியெல்லாம் பயந்து குனிவதுதான். நீயோ பெற்றவளிடம் முறைத்துக்கொண்டு நிற்கிற மகளாக நின்றாய். உன் நம்பிக்கை என்னுடையதைவிடப் பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்நியரிடம் யார் இவ்வளவு உரிமையாகச் சண்டை பிடிப்பார்கள்?

வெளியே வந்தால் மஞ்சள் சேலையில் வரிசையாகப் பால்குடம் போகிறது. கழுத்தில் ஒன்றுமில்லாத அம்மா ஒருவர் குடத்தோடு நின்றார். நீ போய்க் கேட்டாய், உங்கள் ஊரில் இதற்கு விடுவார்களா என்று. "ஊர்ல விட மாட்டாங்க. அதான் இங்க வந்துட்டோம்" என்றார் அவர். நீ என்னிடம் திரும்பினாய். "பாத்தியா, எல்லா ஊர்லயும் கணக்கப்பிள்ளை இருக்கான்." நீயும் இங்கேயே தூக்கிவிடேன், விசயம் முடிந்துவிடும் என்றேன். "என் நேர்த்தி நம்ம தோட்டத்து ஆத்தாளுக்கு. அவ வீட்டு வாசல்ல குடுக்குறத இங்க எதுக்குக் குடுக்கணும்?" என்று சொல்லிவிட்டுப் புரோட்டாக் கடையைத் தேடிப் போனாய். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நீ என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாய்.

போன வருடத் திருவிழாவில் நீ மஞ்சள் சேலை கட்டிக் குடத்தோடு வந்து வரிசையில் நின்றாய். தலைவர் தப்பு மேளத்தை நிறுத்தச் சொன்னார். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில் எல்லோரும் நம்மையே பார்த்தார்கள்.

"சமயபுரத்துல கேக்கப் போறேன்னு போனீங்களே. உத்தரவு கெடச்சுதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தம்பி பெண்டாட்டி பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்திருப்பார். நான் வெள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். நீ முந்திக்கொண்டாய்.

"செவப்புதாங்க வந்துச்சு. வேணாம்னுதான் சொன்னா. அது எனக்கும் எங்க ஆத்தாளுக்கும் உள்ள சண்டை. தாய் மக சண்டையில மூணாம் மனுசன் நுழையாதீங்க. தள்ளுங்க."

அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் உனக்குத் தப்பு அடித்து, ஆரத்தி எடுத்து, உள்ளே கூட்டிப் போயிருப்பார்கள். நீ சொல்லவில்லை. குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு தாளமில்லாமல் நடந்தாய். எனக்கு வேறென்ன தெரியும்? நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டேன். முதலில் என் குலவை மட்டும்தான். லயத்து வளைவுக்கு வருவதற்குள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் கோயில் வாசலில் கதவை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். நீ அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. படியிலேயே பாலை ஊற்றினாய். "தாகமா இருந்தா வெளிய வந்து குடிச்சுக்கட்டும். அடுத்த வருசம் உள்ளயே கொண்டாறேன்" என்றாய்.

அடுத்த வருடம் உனக்கு வரவில்லை. ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கையில் மரத்துக் கூடு கலைந்து குளவிகள் இறங்கியபோது நீயும் எல்லோரையும் போல ஓடினாய். தண்ணீர் வடிகிற கானில் கால் இடறி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் உன் முகத்தைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. கையைப் பார்த்துத்தான் நீ என்று தெரிந்துகொண்டேன்.

பைப்படிக்காரிகளுக்கு இப்போது சொல்கிறேன், கேள். அந்த மலையில் உன்னோடு கொட்டு வாங்கியவர்களில் இரண்டு பேர் அதே திருவிழாவில் விரதமிருந்து, மேளதாளத்தோடு குடம் எடுத்தவர்கள். தாலியோடுதான் எடுத்தார்கள். பல நாள் முகம் வீங்கித்தான் நடந்தார்கள். அவர்களை எதற்காக ஆத்தா தண்டித்தாள்? குளவிக்குத் தாலியும் தெரியாது, சிவப்புப் பூவும் தெரியாது. கூடு இருக்கிறது, மரத்தை வெட்டுங்கள் என்று நீயும் மலைக்குப் போகிறவர்களும் தொரையிடம் எத்தனை முறை சொன்னீர்கள். வெட்டாத மரத்தின் பழியைத் தூக்கி என் ஆத்தா தலையில் போடுகிறார்கள். மகள் முறைத்ததற்காகக் கொல்லுகிற தாயை நான் கும்பிடவில்லை. அப்படி ஒருத்தி நம் கோயிலில் இல்லை.

நேற்றுச் சாயந்தரம் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த வருடம் முதல் குடம் நான் தூக்க வேண்டுமாம். போன வருடத்துச் சங்கடமெல்லாம் மறந்துபோகட்டும், சுமங்கலி முன்னால் போனால் நல்லது என்றார். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு. டீயைக் கொடுத்துவிட்டு நான் சொன்னேன்.

"தூக்குறேன் மாமா. ஆனா எனக்குப் பின்னால யாரு வாறாங்கன்னு திரும்பிப் பாக்க மாட்டேன். நீங்களும் பாக்காதீங்க. கதவ அடைச்சீங்கன்னா முதல் குடமும் வெளியதான் நிக்கும்."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் மீதி டீயை வாசலில் ஊற்றிவிட்டு வந்தார். அப்புறம் அவராகவே, வெள்ளிக்கிழமைச் சோற்றைத் தானே பொங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

லயம் லயமாகப் போய்ச் சொல்லிவிட்டேன். உன் மகள் வருகிறாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. மேல் லயத்து விதவைகள் மஞ்சள் சேலை நனைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள், எல்லோரும் பார்க்கட்டும் என்று வாசலிலேயே. உன்னிடமிருந்து எனக்கு வந்த சொத்து இந்த முறைப்புதான். அதைக் குனியாமல் தூக்கிக்கொண்டு நடப்பது எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை. உள்ளுக்குள் பயம் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன்.

இன்று கோயிலுக்குப் போனேன். பூசாரி இரண்டு பூவை நீட்டினார், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளம்மா என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆத்தா முகத்தைப் பார்த்து நான் உத்தரவு எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறோம், கதவைத் திறந்து வை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.