திரையில் ஏறாத பெயர்கள்

5 ஜனவரி 1998, திங்கள்
பேய்க்காற்று. குடை முறிந்தது. அலுவலக ஹீட்டர் இன்னும் சரியில்லை. கீழே சேலைக்கடைக்காரரிடம் சொன்னால், "மேல சூடு ஏறி வரும், பொறுங்கோ" என்கிறார். ஏறவில்லை.

இந்த வருடம் முதல் சொந்தத் தொழில்காரர்கள் வரிக் கணக்கைத் தாங்களே போட வேண்டும். கடைசி நாள் 31. லண்டனில் இந்த ஈஸ்ட் ஹாம் முழுக்க மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் என் புரோகிராம். பெயர், வரவு, செலவு தட்டினால் படிவம் நிரம்பி அச்சாகி வரும். இன்சூரன்ஸ் கம்பனி வேலையை விட்டுவிட்டு எழுதியது. மனைவி வசந்தி ஒரு சொல் குறை சொல்லவில்லை. தன்பாட்டில் வீட்டில் தையல் வேலை எடுத்துச் செய்கிறாள்.

ஆட்களைக் கூட்டி வருவது கூட்டாளி சிவநேசன் (இனி சி.). மெஷின் நான். அதுதான் பேச்சு.

கம்பியூட்டர் திரையை வருகிறவர் பக்கம் திருப்பி வைத்தேன். தன் பெயர் எழுந்து வருவதைக் கண்டால் நம்பிக்கை வரும். சி. பார்த்தான். கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டான்.

இன்று வந்தவர்கள்: ஒருவருமில்லை. மார்கழி கழியட்டும் என்கிறார்களாம்.

வாங்க: பிரிண்டர் மை, பால், பல்ப்.

10 ஜனவரி, சனி
தூறல். முதல் ஆள்! மினிகாப் ஓட்டுகிறவர். கதிரையில் இருத்தி, தேநீர் கொடுத்து, பெயரைக் கேட்டுத் தட்டத் தொடங்கினேன். முதல் நாலு எழுத்து திரையில் வந்ததும் எழும்பிவிட்டார்.

"அண்ணை, பேர் கட்டாயம் போடோணுமே?"

"பேரில்லாமல் ஆருக்கு வரி?"

"நான் பேந்து வாறன்."

தேநீரைத் தொடவில்லை. பிறகு மிச்சம் என்ற ஊரிலிருந்து ஒரு கடைக்காரரும் மனைவியும். அவர் வாயைத் திறக்கமுன் அந்த அம்மா சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர்களும் போனார்கள். சி. பின்னாலேயே படியில் ஓடினான். நனைந்துகொண்டு திரும்பி வந்தான்.

"ஆறுதலா, மெல்ல மெல்லச் செய்விப்பம் அண்ணை."

நான் இங்கே படிக்க வந்தது எழுபத்து நாலில். கம்பியூட்டரில் அரை மணி நேரம் கிடைக்க வரிசையில் நின்ற ஆட்கள் நாங்கள். இவர்களுக்கு மேசையில் கொண்டுவந்து வைத்தாலும் ஓட்டம். பட்டிக்காட்டுக் கூட்டம்.

14, தைப்பொங்கல்
குசினியில் பால் பொங்கியதும் புகை அலாரம் அலறியது. வசந்தி துவாயால் விசுக்கி நிறுத்தினாள். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று குறை.

பொங்கலைக் கட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். சி. இல்லை. வீட்டுக்குப் போன் எடுத்தேன். அவன் மனைவி: "அவர் ஆரோவின்ரை வீட்டை போயிட்டார் அண்ணை." தை பிறந்துவிட்டது, ஆள் பிடிக்கிறான் என்று நினைத்தேன். தனியாக இருந்து பொங்கலைத் தின்றேன். ஆறிக் கட்டியாகியிருந்தது.

20, செவ்வாய்
பஸ்ஸில் பின் இருக்கையில் இரண்டு பேர், நம்மவர்கள்.

"வரிப் படிவம் குடுத்தாச்சோ?"

"ஓம். சிவநேசன் வீட்டை வந்து எழுதித் தந்தவர். பேனையாலை. கொம்பியூட்டர் கிம்பியூட்டர் ஒண்டுமில்லை."

"அப்ப எங்கடை வீட்டையும் வரச் சொல்லும்."

இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. திரும்பி நடந்தேன். அலுவலகத்தில் சி.யிடம் நேரே கேட்டேன்.

சி. மறுக்கவில்லை. "ஓம் அண்ணை, எழுதிக் குடுக்கிறன்."

"அப்ப நான் எழுதினது என்ன, குப்பையோ?"

"நீங்கள் முந்தி வந்தனீங்கள். நாங்கள் ஊரில இராணுவச் சுத்திவளைப்புக்குள்ள இருந்து வந்தனாங்கள். ஊரை முழுக்க ஒரு இடத்தில இருத்திப் பேர் வாசிப்பினம். ஆற்றை பேரை வாசிச்சினமோ அந்தப் பெடியன் வீட்டை திரும்பி வரமாட்டான். இஞ்சை நீங்கள் கதிரையில இருத்தி, பேரைச் சொல்லு எண்டு தட்டுறியள். பேர் திரையில எரியுது."

"இது லண்டன், சிவா."

"அவைக்கும் தெரியும். நெஞ்சுக்குத் தெரியேல்லையே."

"பேனையாலை எழுதினாலும் அந்தப் பேர் அரசாங்கத்துக்குத்தானே போகுது?"

"போகுது. ஆனா எழுதினது நான். என்ரை முகம் அவைக்குத் தெரியும்."

இதில் என்ன நியாயம்? கள்ளன் என்றேன். முதுகில் குத்தினாய் என்றேன். முன்பே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

"உங்களுக்குச் சொல்ல ஏலாது அண்ணை. நீங்கள் கேக்கிற ஆள் இல்லை."

மேசையில் இருந்த கோப்பையை எறிந்தேன். உடையவில்லை. அதுவும் எரிச்சல்.

27, செவ்வாய்
வானம் மப்பும் மந்தாரமும். சி.யோடு கதை இல்லை. வெம்பிளியிலிருந்து ஒரு தமிழ்நாட்டு எஞ்சினியர் கேள்விப்பட்டு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். "பிரமாதமா பண்ணியிருக்கீங்க சார்!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியென்றால் உங்கள் கணக்கைப் போடுவோமா என்றேன். "எனக்கு எதுக்கு சார்? கம்பெனியிலயே வரியப் பிடிச்சிடுறாங்க."

மெச்சுகிறவனுக்குத் தேவையில்லை. தேவையானவனுக்குப் பயம். நல்ல வியாபாரம்.

31, சனி
வெயில், இன்றைக்கென்று. சி. ஒரு பை நிறையப் படிவங்களோடு வந்து நின்றான். வரி அலுவலகப் பெட்டியில் கையால் போடப் போகிறானாம். "வாறியளே அண்ணை?" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒன்றாவது என் மெஷினில் போகட்டும் என்று வீட்டுக்கு வந்தேன். வசந்தியிடம் தையல் கணக்கைக் கேட்டேன்.

"அது குடுத்தாச்சு."

"ஆரிட்டை?"

"சிவநேசனிட்டை. போன கிழமை."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கம். உமக்குமா நான் செய்தது விஷம் என்று கேட்டது மட்டும் ஞாபகம்.

தைத்துக்கொண்டிருந்தவள் தையல் மெஷினின் சுழலும் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"என்ரை தம்பியின்ரை பேரை வாசிக்கேக்க நான் பக்கத்தில இருந்தனான். அவன் எழும்பினவன். நான் அவன்ரை சட்டையைப் பிடிச்சனான்."

தம்பி உயிரோடு இல்லை என்று தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, அவள் ஊரில் இருந்தபோது போனவன். சுவாமிப் படங்களோடு அவன் படமும் இருக்கிறது, நானும்தான் தினமும் கும்பிடுகிறேன். எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. துக்கத்தைக் கிளறக்கூடாது என்று நினைத்தேனாம். பொய். கேட்கத் தோன்றவே இல்லை.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம்" என்றாள். மறுபடி தைக்கத் தொடங்கினாள்.