பெட்டி மடிப்பு

2017 பெப்ரவரி 5, ஞாயிறு

மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த டயரியிடம்தான் இருக்க வேண்டும். காப்புறுதிக்காரர் ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்தது. ஜனவரி முழுவதும் வெறுமையாக விட்டுவிட்டேன். எழுத என்ன இருக்கிறது? மஹய்யாவையிலிருந்து வேலைக்கு நடந்து போகிறேன், சிங்களத்தில் வரும் கடிதங்களைத் தமிழில் எழுதுகிறேன், நடந்து வருகிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் பட்டதாரி நான்தான். அந்தப் பட்டதாரி வாய் திறந்து பேசிக் கேட்டவர்கள்தான் குறைவு.

இன்று எழுதக் காரணம் உண்டு. அடுத்த ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

கலஹாவில் இருக்கும் அங்கம்மா, பழக்கத்தில் எங்களுக்குப் பெரியம்மா, தன் தங்கச்சி மகனுக்குக் கேட்கிறார். பெயர் தவசீலன். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு அவர்கள் குடும்பம் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியது. அவர் பிறந்து வளர்ந்தது அங்கேதான். யுத்தம் முடிந்த பிறகு பெரியம்மாவிடம் வந்து, கண்டி டவுனில் ஸெய்னுலாப்தீன் முதலாளியின் துணிக்கடையில் வேலை செய்கிறார். பேச்சு மிகவும் குறைவாம்.

"நல்லதாப் போச்சு," என்றாள் அம்மா. "ரெண்டு ஊமையும் சேந்தா வீடு அமைதியா இருக்கும்."

பெப்ரவரி 12

நான் பேசியது ஒரே ஒரு வசனம். அது போதுமாக இருந்தது.

நீளக் கதிரையின் மெத்தை கிழிந்து கிடப்பதால் அம்மா அதன் மேல் நல்ல பெட்சீட் விரித்திருந்தாள். தேத்தண்ணித் தட்டோடு வந்தேன். ஒரு கோப்பை கவிழ்ந்து பெட்சீட் முழுக்க ஓடியது. "பரவாயில்ல, பரவாயில்ல" என்று எல்லோரும் எழுந்தார்கள். அவர்தான் பெட்சீட்டை உருவி எடுத்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவர் ஓரமாக நின்று, ஈரத்தோடேயே அதை மடித்தார். நீளவாட்டில் மூன்றாக. உள்ளங்கையின் விளிம்பால் ஒவ்வொரு மடிப்பையும் அழுத்தி. கடைசி முனையை உள்ளே செருகி, வீசி எறிந்தாலும் அவிழாதபடி.

எனக்கு அந்த மடிப்புத் தெரியும். பெட்டி மடிப்பு. பல்கலைக்கழகம் போகுமுன் எங்களைக் கட்டாயமாக இராணுவ முகாமுக்கு அனுப்பித் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தார்களே, அங்கே படித்தது. வெளியில் யாரும் அப்படி மடித்து நான் பார்த்ததில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்றால் — பேசிவிட்டேன்.

"நீங்களும் லீடர்ஷிப் ட்ரெயினிங் போனீங்களா?"

அவர் கை நின்றுவிட்டது.

"அது கேம்பஸ் புள்ளைங்களுக்குத் தானே?" என்றார் அப்பா. "தம்பி எங்க பழகுனீங்க?"

"கடையில தான்," என்றார் அங்கம்மா பெரியம்மா அவசரமாக. "துணிக்கடைல மடிக்காம வேறென்ன செய்யிறது?"

அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"கடையில இல்ல மாமா. இயக்கத்துல. புடிச்சுக்கொண்டு போனவங்கள்."

மடித்த பெட்சீட்டைக் கதிரையின் ஓரத்தில், விளிம்புக்கு நேராக வைத்தார். பிறகு யாரும் எதுவும் சாப்பிடவில்லை.

பெப்ரவரி 13

அப்பா தேத்தண்ணி குடிக்காமல் வேலைக்குப் போனார்.

பெப்ரவரி 15

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபம். மாநகரசபை ட்ரக்டரை நிறுத்திவிட்டு வந்து, கால் கழுவி, அம்மா பேரைச் சொல்லி அவளிடம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார்.

"நல்ல புள்ளதான். யாரு இல்லன்னா? ஆனா பொலிஸ்காரன் ஒரு நாளைக்கு வாசல்ல வந்து நின்னு பேரக் கேட்டான்னா, இந்த லயத்துல எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. எண்பத்திமூணு கலவரத்துல நான் பட்டது போதும் நல்லம்மா. இப்பதான் வீட்டுல ஒரு அரசாங்க உத்தியோகம் வந்திருக்கு."

அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். என் வாய் செய்த வேலை ஏற்கெனவே போதும்.

கேட்டிருக்காவிட்டால்? தெரியாமலே கட்டியிருப்பேன். அது நல்லதா?

பெப்ரவரி 26

அந்த முகாம் ஞாபகமாகவே இருக்கிறது. 2011. அப்பா என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் கேட்டில் விட்டார். உள்ளே போன பிறகு திரும்பிப் பார்த்தேன். போகாமல் கம்பி வேலிக்கு வெளியே நின்றார், பையைப் பிடித்த கை அப்படியே இருந்தது, பை என்னிடம் இருந்தது.

அப்போது என் சிங்களம் அரைகுறை, கட்டளைகளில் பாதி புரியவில்லை. இடப்பக்கம் திரும்பச் சொன்னால் நான் வலப்பக்கம். ஒரு சார்ஜன்ட் அக்கா இருந்தார். என்னை "நங்கி", தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். என் கட்டிலில் உட்கார்ந்து, என் கையை விளிம்பாகப் பிடித்து, போர்வையில் அழுத்திக் காட்டினார். கடைசி நாள் எனக்குக் கொய்யாப்பழம் ஒன்று தந்தார்.

எனக்கு மூன்று கிழமை. முடிந்ததும் வீட்டுக்கு வந்து அம்மாவின் சோற்றைச் சாப்பிட்டேன்.

அவருக்கு?

மார்ச் 11, சனி

கடைக்குப் போனேன். நான்தான் போனேன். எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது.

"தலகாணி உறை வேணும்," என்றேன்.

"எத்தினை?"

"ஒன்னு."

"சோடியாத்தான் வரும்," என்றார், என்னைப் பார்க்காமல். எடுத்து விரித்தார்.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டது நல்லம். கலியாணம் முடிஞ்ச பிறகு சொல்லலாம் எண்டு பெரியம்மா சொன்னவ. அவவுக்கு என்னை எப்படியாவது கரை சேர்க்கோணும். எனக்குத்தான் நித்திரை இல்ல."

பிறகு அவரே சொன்னார். உறைகளை விரித்துக்கொண்டும் மடித்துக்கொண்டும், யாராவது பார்த்தால் வியாபாரம் நடப்பதுபோல. இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு, வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்குக் கட்டாயம் என்றிருந்த காலம். அவருக்குப் பதினெட்டு. மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டி, மேலே பலகை போட்டு, வைக்கோல் பரப்பி, அவருடைய அம்மா அவரை ஒளித்து வைத்திருந்தார். பகலெல்லாம் குழிக்குள் குந்தியிருந்தாராம். மாடு அசைபோடும் சத்தம்தான் துணையாம். ஒரு நாள் வந்தவர்கள், மகன் இல்லையென்றால் மகளைக் கூட்டிப் போகிறோம் என்றார்கள். தங்கைக்குப் பதினைந்து.

"அம்மா இல்ல, இல்ல எண்டு கத்திக்கொண்டு நிண்டவ. நானே பலகையைத் தள்ளிப்போட்டு ஏறி வந்தன். தலை முழுக்க வைக்கல். வந்தவனே சிரிச்சிட்டான்."

அதற்குப் பிறகு பதுங்குகுழி வெட்டியது, காயப்பட்டவர்களைத் தூக்கியது. அதைப் பற்றி ஒரு வரிதான். நான் மேலே கேட்கவில்லை. கேட்காமல் இருக்க எனக்குத் தெரியும்.

"போர்வை சரியா மடிக்காட்டி மைதானத்தச் சுத்தி ஓடோணும்," என்றார்.

"எங்களுக்கும்."

"உங்களுக்குமோ?"

"எனக்காக எங்க ஹோல்ல படுத்த பிள்ளைங்க முழுக்க ஓடுனாங்க. ரெண்டு நாள் என்னோட யாரும் பேசல."

அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: யுத்தம் முடிந்து புனர்வாழ்வு முகாமில் வைத்திருந்தபோது, ஆமிக்காரர்கள் போர்வை மடிக்க முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார்களாம். அதே மடிப்பு. அதே செருகல்.

"தெரிஞ்ச மாதிரி மடிச்சா, எவ்வளவு காலம் இயக்கத்தில இருந்தனி எண்டு கேப்பாங்கள். தெரியாத மாதிரி கோணலா மடிச்சன். அந்தக் கோப்ரல் பாவம். ஒவ்வொரு விடியவும் என்ர கையைப் பிடிச்சுப் பழக்கினார். தெரிஞ்ச ஒண்டைத் தெரியாத மாதிரிச் செய்யிறதுதான் எல்லா ட்ரெயினிங்கிலயும் கஷ்டம்."

எனக்கு என் சார்ஜன்ட் அக்காவின் கை ஞாபகம் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உறையின் விலையைக் கேட்டேன்.

"தவம்," என்றார் காசு மேசையிலிருந்து ஸெய்னுலாப்தீன் முதலாளி, "ஒரு தலவாணி உறைக்கு இவ்வளவு பேச்சா? அஞ்சு வருசமா என்னோட பேசாம ஈந்த புள்ளதானே நீங்க."

சோடியாகவே வாங்கி வந்தேன்.

மார்ச் 14

அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தபோது சொன்னேன். உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"அப்பா, ட்ரெயினிங் போகாட்டி கேம்பஸ் இல்லன்னு சொன்னாங்க. என்னைய நீங்களே கொண்டுபோய் கேட்டுல விட்டீங்க. அவரு போகாட்டித் தங்கச்சியக் கொண்டு போறோம்னு சொன்னாங்க. அவரே குழியில இருந்து ஏறி வந்தாரு."

அப்பா திரும்பவில்லை. தண்ணீர் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒன்னு இல்ல. எனக்குத் தெரியும்," என்றேன். "எனக்கு வெளியில நிக்க நீங்க இருந்தீங்க."

அவ்வளவுதான். குசினிக்குள் போய் அலுமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன், சின்னப் பிள்ளை மாதிரி.

மார்ச் 15

அப்பா தேத்தண்ணி குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

மார்ச் 18, சனி

அப்பா மத்தியானம் ஒரு கடதாசிப் பார்சலோடு வந்தார். டவுனுக்குப் போனாராம். துணிக்கடைக்கு.

அவரைப் பார்க்கவில்லை, முதலாளியைத்தான் பார்த்தாராம். அம்மாவுக்கு முதலாளியின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "காளிமுத்து, அவரு வேலைக்கு வந்த மொத நாளே எனக்கிட்ட எல்லாம் செல்லிட்டாரு. பொலிஸ் வந்தா கடைக்குத்தான் வரும், அது ஒங்களுக்குக் கரைச்சல், வாணான்னா இப்பவே செல்லுங்கன்னாரு. ரெண்டு தடவ வந்திச்சி. நான் பிளேன்டி ஊத்திக் குடுத்து அனுப்பினேன். கடை ஒண்ணும் சாஞ்சி போகல்ல."

அம்மா பார்சலைப் பிரித்தாள். புது பெட்சீட். நீலப் பூப் போட்டது.

"பழசுல தேத்தண்ணிக் கறை போகாதுன்னியே," என்றார் அப்பா. "அடுத்த ஞாயித்துக்கிழம வரச் சொல்லி முதலாளிக்கிட்ட சொல்லியிருக்கேன். மெத்தைக்கு மேல போட ஒன்னு வேணுமில்ல."

பிறகு என்னைப் பார்த்து: "இந்தத் தடவ அம்மா தேத்தண்ணி கொண்டு வரட்டும்."

ஏப்ரல் 14

புதுவருடம். பால் பொங்கியது. அவர் வந்தார். மாமா என்று கூப்பிட்டார், அப்பா "ம்" என்றார்.

ஆகஸ்ட் 28

நேற்று கட்டுகலைப் பிள்ளையார் கோவிலில் கலியாணம். கிளிநொச்சியிலிருந்து மாமியும் அவர் தங்கையும் வந்தார்கள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பந்தியில் எல்லோரும் முண்டியடித்தபோது அவர் மட்டும் பின்னால் போய் நின்றார்.

"அண்ணி, உவன் கலியாணச் சோத்துக்கும் வரிசையிலதான் நிப்பான்," என்றாள் தங்கை. சொல்லிவிட்டு, அண்ணனின் சட்டைக் கொலரை இல்லாத தூசிக்குத் தட்டிவிட்டாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டெம்பர் 2

முன் அறையை எங்களுக்கு விட்டிருக்கிறார்கள். விடியுமுன் எழும்பிவிடுகிறார். நான் முகம் கழுவி வருவதற்குள் இரண்டு போர்வையும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன, விளிம்புக்கு நேராக. கட்டிலில் உட்காரமாட்டார். சட்டை போட்டு, பொத்தான் எல்லாம் பூட்டி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடை திறக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும்.

யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அவருக்கும் தெரியும், யாரும் இல்லை என்று.

செப்டெம்பர் 9

இன்று நானும் அவரோடு எழும்பி என் போர்வையை நானே மடித்தேன். அவர் பார்த்தார். மூலை கோணல் என்றார். சார்ஜன்ட் அக்காவே ஒன்றும் சொல்லாத மூலை என்றேன். திருத்தவில்லை, அப்படியே விட்டார். அது பெரிய விஷயம் என்று எனக்குப் பட்டது.

செப்டெம்பர் 16, சனி

பின்னேரத்திலிருந்து மழை. அப்பாவும் அவரும் முன்னால் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆளுக்கொரு கோப்பையோடு. இரண்டு பேரும் பேசவில்லை. அம்மா என் பக்கம் திரும்பி, "நான் சொன்னேன்ல, வீடு அமைதியா இருக்கும்னு," என்றாள்.

அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று கிழமையாக வாய் வரை வந்து திரும்பிப் போகிறது. போன முறை நான் கேட்ட ஒரு வசனம் எதையெல்லாம் கவிழ்த்தது. அதனால் இந்த முறை முதலில் இங்கே எழுதிப் பழகிக்கொள்கிறேன். விளக்கு வைத்ததும் சொல்லிவிடுவேன்.

நாளைக்கு ஞாயித்துக்கிழம. கடையும் இல்ல, ஆபீசும் இல்ல. நாளைக்கு ஒரு நாள் மட்டும் போர்வைய மடிக்காதீங்க. நானும் மடிக்க மாட்டேன். அது பாட்டுக்குக் கிடக்கட்டும். விடிஞ்ச பொறகும் மழை பெய்ஞ்சா, நாம கொஞ்ச நேரம் படுத்திருப்போம்.